பழைய முகவரிக்கு ஒரு தகவல்

கம்ப்யூட்டர் சங்கதி என்றாலே பேச்சிமுத்துவுக்குக் கொட்டாவி வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. சரண்யாதேவியின் புறங்கை அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. இஸ்திரிப் பெட்டியின் முனை அதில் முக்கோணமாகப் பதிந்திருந்தது.

முந்தின நாள் அவர்தான் அவளைத் தன் ஆட்டோவில் ஏற்றிப்போய், கே.கே. நகரில் ஒரு பெண்கள் விடுதி இருக்கும் தெருவின் முனையில் இறக்கிவிட்டு வந்தார். அது அவள் ஒளிந்திருக்கப் பார்த்த மூன்றாவது இடம். முதல் இரண்டையும் அவள் புருஷன் அசோக்குமார் மோப்பம் பிடித்துவிட்டான். முதல் தடவை அவன் வந்து நின்றபோது அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் தப்பித்தாள். இரண்டாவது தடவை மாடி ஜன்னலில் இருந்து அவனைப் பார்த்துவிட்டு, பின்பக்கச் சுவரேறிக் குதித்தாள்.

"இன்னொரு தடவ அவரு வந்து நின்னா நான் ஓட மாட்டேண்ணே," என்று ஆட்டோவில் வரும்போது சொன்னாள். "தெம்பு இல்ல. அவரு கத்துற ஆளா இருந்தாக்கூட நாலு பேரு வருவாங்க. கத்தவே மாட்டாரு. ஊருக்கே சாமி சாமின்னுதான் பேசுவாரு. சூடு வைக்கையிலயும், கையக் காட்டு சாமின்னுதான் சொன்னாரு."

"வர மாட்டான் தாயி. வந்தாலும் இந்தப் பேச்சிமுத்துவத் தாண்டித்தான் வரணும். என்னையத் தாண்டணும்னா ரிங் ரோட்டுல சுத்திக்கிட்டுத்தான் வரணும், பாத்தேல்ல?" என்று தொந்தியைத் தட்டிக் காட்டினார். அவள் சிரித்தாள். இறங்கும்போது, "கோர்ட்டுக்கும் நீங்களே வந்து கூட்டிப் போங்கண்ணே, வேற யாரும் வேணாம்," என்றாள்.

இன்னும் ஒரு ராத்திரிதான் பாக்கி. காலையில் அவள் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று வாய் திறந்தால் போதும், பாதுகாப்பு உத்தரவு கைக்கு வந்துவிடும். அதுவரைக்கும் அவள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியக்கூடாது. இதுதான் வேலை. இதற்காகத்தான் பேச்சிமுத்து தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில், கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருந்தார்.

அது 'நிழற்குடை' என்ற பெண்கள் உதவி அமைப்பின் ஆபீஸ். ("பேரக் கேட்டுட்டு பஸ்ஸுக்கு நிக்கிறவுக யாரும் மாடி ஏறி வரலையா?" என்று வந்தவுடனே கேட்டுவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.) பக்கத்தில் நாகஜோதி உட்கார்ந்திருந்தாள். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து, பொய்ச் சாட்சியங்களை டைப் அடித்து அடித்துச் சலித்துப்போய், வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த பேச்சிமுத்துவை அவள்தான் உதவியாளராக்கினாள். ஆட்டோவும் சேர்ந்து வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

எதிரே சித்தார்த். நிழற்குடையின் வெப்சைட்டை எழுதியவன். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"ஒவ்வொரு தடவ அவங்க இடம் மாறும்போதும் எங்க சிஸ்டம் அவங்களுக்கு ஒரு மெயில் அனுப்பும் மேடம். புது முகவரி, கோப்பு நம்பர் எல்லாம் அதுல இருக்கும். அவன் வந்து நின்னது ரெண்டு தடவையும் அந்த மெயில் போனதுக்கு அப்புறம்தான். ஆனா மெயில் போற வழியில யாரும் படிக்கவே முடியாது. பூட்டித்தான் அனுப்புறோம். சாவி போய்ச் சேர்ற ஆள்கிட்டதான் இருக்கும்."

"அவுங்க மெயில் ஐடி என்ன?" என்றாள் நாகஜோதி.

அவன் திரையைத் திருப்பினான். ஐடி இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக நட்சத்திரங்கள். "புதுசா மாத்தலாம், ஆனா இருக்கிறத நாங்ககூடப் பாக்க முடியாது. விடுதி வார்டனோட போன் நம்பரும் இப்படித்தான். டைரக்டர் மேடம் ஒருத்தங்கதான் திறக்க முடியும். அவங்க டெல்லி ஃப்ளைட்ல இருக்காங்க."

"நட்சத்திரம் எண்ணத்தான் இம்புட்டுப் படிச்சியா தம்பி?" என்றார் பேச்சிமுத்து.

"மூணாவது இடத்தப் பத்தி மெயில் போயிருச்சா?" என்றாள் நாகஜோதி.

"இல்ல மேடம். சந்தேகம் வந்ததும் நிறுத்திட்டேன். முகவரி கோப்புல மட்டும்தான் இருக்கு. டைரக்டர் மேடம் கிளம்புறதுக்கு முன்னாடி வார்டன்கிட்டயும் சொல்லிட்டாங்க. கோப்பு நம்பரோட எங்க மெயிலைக் காட்டுறவங்களைத் தவிர வேற யாரையும் நம்ப வேண்டாம்னு."

நாகஜோதி பேனா மூடியைக் கடிக்க ஆரம்பித்தாள். அவள் மூடியைக் கடித்தால் பேச்சிமுத்து வாயை மூடிக்கொள்வார். அது ஒன்றுதான் அவர் அவளுக்குக் கொடுக்கும் மரியாதை.

"முதல் மெயில் என்னிக்குப் போச்சு?"

"சனிக்கிழமை ராத்திரி."

"அவன் வந்து நின்னது?"

"திங்கக்கிழமை காலையில."

"ரெண்டாவது?"

"புதன்கிழமை காலையில போச்சு. மத்தியானமே வந்துட்டான்."

"புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள வரத் தெரிஞ்சவன், ஞாயித்துக்கிழமை முழுக்க ஏன் வீட்டுல உக்காந்திருந்தான்?" என்றாள் நாகஜோதி. "பொண்டாட்டி இருக்கிற இடம் தெரிஞ்சா அவன் ஒரு நிமிசம் பொறுப்பானா? அவனுக்கு ஞாயித்துக்கிழமை தெரியல அண்ணே. அவன் மெயில் படிக்கிற இடத்துக்கு ஞாயித்துக்கிழமை லீவு."

"பேங்க்கா?"

"சரண்யா படிச்சது எட்டாவது. இந்த வெப்சைட்டுல அவளா பதிஞ்சிருக்க மாட்டா. எங்கேயோ ஒரு கடையிலதான் பதிஞ்சிருப்பா."

அவளிடமே போன் போட்டுக் கேட்கலாம். ஆனால் போனை அணைத்துவைக்கச் சொன்னது நாகஜோதியேதான். போனை வைத்துத்தான் அவன் கண்டுபிடிக்கிறானோ என்று அப்போது ஒரு சந்தேகம். சித்தார்த் தேடிப் பார்த்து, விண்ணப்பம் அவனியாபுரத்தில் இருந்து வந்திருக்கிறது என்றான். அவள் வாழ்க்கைப்பட்ட ஊர்.

"அங்க போயி அவன் பேரச் சொல்லி விசாரிக்கக் கூடாது அண்ணே," என்று ஆட்டோவில் ஏறும்போதே சொன்னாள் நாகஜோதி. "பாதிப்பேரு அவனுக்குச் சொந்தக்காரங்களா இருப்பாங்க. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுட்டு வந்துரணும்."

"என் வாயில பூட்டு போட்டாச்சு மேடம். சாவி போய்ச் சேர்ற ஆள்கிட்ட."

அசோக்குமாரை இருவருமே நேரில் பார்த்ததில்லை. கையில் இருந்தது கல்யாண போட்டோ ஒன்றுதான். அதில் மாலைக்குள் பாதி முகம் புதைந்து, ஒல்லியாக ஒருவன் நின்றான். பத்து வருஷத்துக்கு முந்தின படம். அதை வைத்துக்கொண்டு ஆளை அடையாளம் சொல்ல முடியாது என்று பேச்சிமுத்து அப்போதே சொல்லிவிட்டார்.

அவனியாபுரத்தில் பொங்கலுக்கு முந்தின பரபரப்பு. ஜல்லிக்கட்டுக்கு மாட்டைப் பதிவு செய்வதெல்லாம் இப்போது ஆன்லைனில்தான். அதனால் மாடு வளர்ப்பவர்கள் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் கடைகளில் நின்றார்கள். இரண்டு கடைகளில் கேட்டுவிட்டு, மூன்றாவதாக 'ஒச்சம்மாள் கம்ப்யூட்டர்ஸ்' வாசலில் ஆட்டோவை நிறுத்தினார் பேச்சிமுத்து. கதவிலேயே ஒட்டியிருந்தது: ஞாயிறு விடுமுறை.

"நீங்க நம்பர் ஒன் மேடம்," என்றார் பேச்சிமுத்து. நாகஜோதி புன்னகைக்கக்கூட இல்லை.

கடைக்காரர் சிவக்குமார் ஒச்சம்மாளின் மகன். இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே, மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவருக்குக் காசு வாங்காமலே ஆதார் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

நாகஜோதி தன் அக்கா மகள் உதவித்தொகைக்கு இங்கே பதிந்ததாகவும், மெயில் வரவில்லை என்றும் ஒரு கதையை எடுத்துவிட்டாள்.

"வந்திருக்கும்க்கா. நீங்களே பாத்துக்கங்க. எல்லா சிஸ்டத்துலயும் ஓப்பனாத்தான் இருக்கு."

"அவ மெயிலா?"

"கடை மெயிலுக்கா. இங்க வர்றவுகளுக்கு மெயிலு ஏது? ரேசன் கார்டா இருக்கட்டும், ஸ்கூல் அட்மிசனா இருக்கட்டும், மாட்டுக்கு டோக்கனா இருக்கட்டும், எல்லாத்துக்கும் நம்ம கடை ஐடியத்தான் போடுவேன். ஆளாளுக்கு ஒண்ணு ஆரம்பிச்சுக் குடுத்தேன், பூராப்பேரும் பாஸ்வேர்ட மறந்துட்டு என் உயிர வாங்கினாங்க. இப்ப ஒரே ஐடி. வந்து உக்காந்து அவுகவுக மெயில அவுகவுக எடுத்துக்கிருவாக. யாரும் யாரு மெயிலையும் தொடமாட்டாக."

சிவக்குமார் அதைப் பெருமையாகச் சொன்னார். அவனியாபுரத்தில் பாதிப்பேருடைய ரகசியம் அந்த ஒரே பெட்டியில் கிடந்தது. எவனும் வந்து கிளறலாம்.

நாகஜோதி காலியாக இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினாள். நிழற்குடையில் இருந்து சரண்யாதேவிக்கு இரண்டு மெயில்கள். இரண்டும் ஏற்கெனவே திறந்து படிக்கப்பட்டவை. பூட்டிப் பூட்டி அனுப்பிய மெயில், நேராகப் புருஷன் வீட்டுத் தெருவில் வந்து இறங்கியிருந்தது.

"இதுக்கு மேல ஒரு மெயில்கூட இங்க வரக்கூடாது," என்று பேச்சிமுத்துவின் காதோரம் சொன்னாள். "ஐடிய மாத்தச் சொல்லிட்டு வாரேன். இங்க ஒரே சத்தம். நீங்க இருங்க." போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள்.

பேச்சிமுத்து பிரிண்டர் பக்கத்தில் நின்றார். அடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, தன் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார். நாற்பது வயது இருக்கும். கனத்த உடம்பு, வழுக்கை, தோளில் பச்சைத் துண்டு.

"நிக்கிறீங்களே. உக்காருங்க சாமி."

"இருக்கட்டும்ணே. இந்த ஸ்டூலு என்னையத் தாங்குமா?"

"தாங்கும் சாமி. நம்ம மாடே சாஞ்சு நிக்கும்." அவர் சிரித்தார். பதவிசான சிரிப்பு. இப்படி நாலு பேர் இருந்தால் ஊர் எப்படி இருக்கும் என்று பேச்சிமுத்து நினைத்துக்கொண்டார்.

"மாட்டுக்கு டோக்கனுக்கா?"

"ஆமா சாமி. மெயில் வரணும். தினம் வந்து பாக்குறேன். உங்களுக்கு எந்த ஊரு?"

"தல்லாகுளம் பக்கம். பேச்சிமுத்துன்னு கேட்டா நாயிகூட வழி சொல்லும். அந்தா வாசல்ல நிக்கிதே மஞ்ச ஆட்டோ, நம்மளதுதான்." பேரைச் சொல்வதில் அவருக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அந்தச் சமயம் அந்த மனிதரின் திரையில் மேலே புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. அவர் அதைத் திறந்தார். படித்தார். பிறகு திரும்பிப் பேச்சிமுத்துவை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்தார். மெல்லச் சிரித்துக்கொண்டார். நாய் வழி சொல்லும் என்றது இப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது என்று பேச்சிமுத்துவும் சேர்ந்து சிரித்தார்.

பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. பக்கத்தில் இருந்ததால் பேச்சிமுத்துவே அதை எடுத்து, பின்பக்கம் மேலாக இருந்தபடியே நீட்டினார்.

"இந்தாங்கண்ணே. டோக்கன் வந்துருச்சா?"

"வந்துருச்சு சாமி." அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வாரேன்."

நாகஜோதி திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "மாத்திட்டான். இனிமே எல்லாம் என் ஐடிக்குத்தான் வரும். நாளைக்குக் காலையில கோர்ட்டுல அவ பேசிருவா அண்ணே."

இரண்டு வாரத்தில் அவள் டீ சாப்பிடலாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எதிர்க் கடையில் நின்று, அவசரமில்லாமல் குடித்தார்கள். இன்னொன்றும் குடித்தார்கள். சரண்யாவுக்குக் கோர்ட்டில் படபடப்பு வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று பேசினார்கள். முன்வரிசையில் நான் உட்கார்ந்தால் எதிராளி வக்கீல் அவளுக்குத் தெரியவே மாட்டார் என்றார் பேச்சிமுத்து. நாகஜோதி சிரித்துவிட்டாள். சிவக்குமாரும் கூட்டம் குறைந்து டீக்கு வந்தார்.

"உங்களுக்கு இன்னிக்கு நல்ல யாவாரம்ணே," என்றார் பேச்சிமுத்து. "பச்சத் துண்டு போட்டவருக்கு டோக்கனே வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே போறாரு."

"டோக்கனா?" சிவக்குமார் டம்ளரை இறக்கினார். "டோக்கன் நாளைக்குத்தான்ணே விடுவாங்க. இன்னிக்கு யாருக்கும் வராது. அசோக் அண்ணனா சொன்னாப்ல?"

"எந்த அசோக்கு?"

"அசோக்குமாரு. அந்தப் பச்சத் துண்டுக்காரரு. நம்ம தெருதான். பாவம், வீட்டம்மா கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிருக்குன்னாரு. தங்கமான மனுசன், யாரப் பாத்தாலும்..."

"சாமிம்பாரு," என்றார் பேச்சிமுத்து.

நாகஜோதி டம்ளரைப் போட்டுவிட்டுக் கடைக்குள் ஓடினாள். திரையில் அது மேலேயே இருந்தது. திறந்து படிக்கப்பட்ட மெயில்.

'வணக்கம் சரண்யாதேவி. உங்கள் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டுள்ளது. இந்த மாற்றத்தை நீங்கள் செய்யவில்லை என்றால் உடனே எங்களுக்குத் தெரிவிக்கவும். உங்கள் பாதுகாப்பே எங்கள் நோக்கம்.' அதற்குக் கீழே கோப்பு நம்பர். கே.கே. நகர் விடுதியின் முகவரி, தெருவோடு. கடைசி வரியில்: உங்களை அழைத்து வந்தவர், பேச்சிமுத்து.

"சித்தார்த், பழைய ஐடிக்கு ஏன்யா மெயில் போச்சு?" நாகஜோதி போனில் கத்தினாள்.

"ஐடி மாறினா பழைய ஐடிக்குத் தகவல் போகும் மேடம். எல்லா இடத்துலயும் அப்படித்தான். வேற யாராச்சும் மாத்திட்டா உண்மையான ஆளுக்குத் தெரியணும்ல..." அவன் நிறுத்தினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "கோப்பு விவரம் எல்லா மெயிலுக்கும் கீழ தானாச் சேர்ந்துக்கும். நான் அத யோசிக்கல மேடம். நான் யோசிக்கவே இல்ல."

"விடுதிக்கு ஓடு. இப்பவே ஓடு. வார்டன் நம்பர்?"

"அது நட்சத்திரம் மேடம்," என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அவள் பத்திரமாக இருந்திருப்பாள். இதைப் பேச்சிமுத்து ஆட்டோவின் கியரைப் போடும்போது நினைத்தார். பிறகு வில்லாபுரத்தில் நெரிசலில் நின்றபோது நினைத்தார், தெப்பக்குளம் தாண்டி ஆற்றுப்பாலத்தில் ஊர்ந்தபோதும் நினைத்தார். பின்சீட்டில் நாகஜோதி போலீஸ் கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பத் திரும்ப முகவரி சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். சரண்யாவின் போனை இருபது தடவை அழைத்துப் பார்த்திருப்பாள். அணைத்துவைக்கச் சொன்னதைச் சரண்யா அப்படியே கேட்டிருந்தாள்.

வழியில் பேச்சிமுத்து ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். "நாந்தான் அந்தத் தாள எடுத்துக் குடுத்தேன் தாயி," என்றார். நாகஜோதியை அவர் அதுவரை தாயி என்று கூப்பிட்டதே இல்லை. அவள் மறுபடியும் சரண்யாவின் நம்பரை அழுத்தினாள்.

போலீஸ் வண்டி இன்னும் வரவில்லை. விடுதி கேட்டுக்கு வெளியே சித்தார்த் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தான். கம்பிக்கு உள்ளே வார்டன் தங்கப்பொண்ணு, கண்டிப்பான ஐம்பது வயதுக்காரி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மெயில் இருக்கா? நம்பர் இல்லாம யாரையும் உள்ள விடமாட்டேன், ஒண்ணும் சொல்லவும் மாட்டேன். இந்தத் தம்பிகிட்டயும் அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். அவுக ஆபீசுல போட்ட உத்தரவாக்கும்."

சித்தார்த் தலையைக் குனிந்துகொண்டான். நாகஜோதி தன் போனில் புது ஐடிக்கு வந்திருந்த மெயிலை எடுத்து, கம்பி வழியாக நீட்டினாள். தங்கப்பொண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்பரை நிதானமாகச் சரிபார்த்தாள்.

"சரிதான். சரண்யா பொண்ணத் தேடியா? அது போயிருச்சேம்மா. உங்க ஆபீசு ஆளுதான் ஆட்டோ கொண்டாந்து கூட்டிக்கிட்டுப் போனாரு. தாளு வச்சிருந்தாரு. நம்பரு, முகவரி எல்லாம் சரியா இருந்துச்சு. பேரு கேட்டேன். பேச்சிமுத்துன்னாரு. தாள்லயும் அந்தப் பேருதான் போட்டிருந்துச்சு."

நாகஜோதி திரும்பிப் பேச்சிமுத்துவைப் பார்த்தாள்.

"மாடிக்குப் போயி, பேச்சிமுத்து அண்ணன் வந்திருக்காருன்னு சொன்னேன். அம்புட்டு சந்தோசம் அதுக்கு. செருப்புக்கூடப் போடாம எறங்கி வந்துச்சு. கேட்டுக்கிட்ட வந்து அவரப் பாத்ததும் அப்பிடியே நின்னுருச்சு. அவரு, வா சாமின்னாரு. என்னைய ஒரு தடவ திரும்பிப் பாத்துச்சு. பெறகு ஏறிக்கிருச்சு. அழுவல, கத்தல. நான் சொந்தக்காரவுக போலன்னு இருந்துட்டேன்."

"ஆட்டோ நம்பர் பாத்தீங்களா?"

"ஆட்டோ நம்பரு எனக்கு எதுக்கும்மா? தாள்ல நம்பரு இருந்துச்சே."

நாகஜோதி போனைக் காதில் வைத்தபடியே தெருமுனைவரை ஓடினாள். அங்கே எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். நாலு பக்கமும் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் மஞ்சள். சித்தார்த் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. பேச்சிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். ஓட மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். வேறு யாரும் வேண்டாம், நீங்களே வந்து கூட்டிப் போங்கள் என்றும் சொல்லியிருந்தாள்.

தங்கப்பொண்ணுவுக்கு இப்போதுதான் என்னவோ தட்டியது. கேட்டின் கொண்டியை இன்னும் இறுக்கிப் போட்டாள்.

"ஆமா, பேச்சிமுத்துதான் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாரே," என்றாள். "நீங்க யாரு?"

ஊரெல்லாம் கேட்காமலே சொல்லித் திரிந்த பேர். அந்த வாசலில் நின்று அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.